இரு கண்ணும் ஒன்றாகப் பார்க்க

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை பற்றவைப்பவர், குமாரபாளையத்தில் ஓடும் தறியை நிறுத்தி அறுந்த இழையை முடிச்சுப் போடுபவர், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் கம்பியை இம்மி பிசகாமல் கொண்டுவைப்பவர். தொழில் வெவ்வேறு என்றாலும் மூவரும் நம்பியிருப்பது ஒரே திறனைத்தான். எதிரில் இருக்கும் பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இரண்டு கண்களும் சேர்ந்து நொடிக்குள் சொல்லிவிடுகின்றன. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தால் இந்தத் திறனின் அருமை புரியும்.

இந்தத் திறன் பிறக்கும்போதே முழுமையாகக் கிடைத்துவிடுவதில்லை. பிறந்த முதல் சில மாதங்களில் மூளை அதைக் கற்கிறது. ஏழெட்டு வயது வரை அதை உறுதிப்படுத்திக்கொள்கிறது. அந்த ஆண்டுகளில் ஒரு கண் வேறு திசையில் திரும்பி நின்றால், மூளை அந்தக் கண்ணின் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிடக்கூடும். பிறகு கண்ணை நேராக நிறுத்தினாலும், கண்ணாடி போட்டாலும், இழந்த பார்வையை மீட்பது கடினம். இத்தனை பெரிய இழப்பைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க ஒரு சிறு டார்ச்சும் ஒரு பொம்மையும் பழகிய ஒருவரின் பார்வையும் போதும். அதனால்தான் குழந்தைகளின் கண் பரிசோதனையைப் பற்றி ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு படங்கள், ஒரு காட்சி

நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆகவே ஒரே பொருளை இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. முகத்துக்கு நேரே விரலை நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் இங்கும் அங்கும் தாவுவது தெரியும். அந்த வேறுபாட்டிலிருந்துதான் ஆழத்தை மூளை கணக்கிடுகிறது என்பதை இங்கிலாந்து அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் நிரூபித்தார். சற்றே வேறுபட்ட இரண்டு தட்டைப் படங்களை, கண்ணுக்கு ஒன்றாகக் காட்டும் கருவியொன்றை அவர் செய்தார். அதில் பார்த்தவர்களுக்குத் தாளில் வரைந்த கோடுகள் கனமுள்ள பொருளாக எழுந்து நின்றன.

இரண்டு படங்களும் ஒன்றாக இணைய வேண்டுமானால் இரண்டு கண்களும் ஒரே புள்ளியைக் குறிவைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. நான்கு தசைகள் நேராகவும் இரண்டு சாய்வாகவும் விழிக்கோளத்தில் ஒட்டியிருக்கின்றன. மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள் அவற்றை இயக்குகின்றன. நாம் ஒரு வரியைப் படிக்கும்போது இந்த 12 தசைகளும் நொடிக்குப் பல முறை நிறுத்தி நகர்த்தி இரண்டு கண்களையும் ஒரே எழுத்தின்மேல் கொண்டுவைக்கின்றன. ஓர் எழுத்தும் இரண்டாகத் தெரிவதில்லை.

பிறந்த குழந்தைக்கு இந்த ஒழுங்கு உடனே அமைவதில்லை. முதல் இரண்டு மூன்று மாதங்களில் கண்கள் அவ்வப்போது வெவ்வேறு பக்கம் போவது இயல்பு. மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குள் ஆழத்தை உணரும் பார்வை பிறக்கிறது. அந்தச் சமயத்தில் கண்களும் சேர்ந்து அசையப் பழகிவிடுகின்றன. நான்கு மாதம் கடந்த பிறகும் கண் விலகிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் திரும்பியே இருக்கும் கண்ணை அதற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது.

மூளை எடுக்கும் முடிவு

பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று கண் விலகினால் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். படி இறங்கவே தடுமாறுவார். குழந்தைக்கு அந்தத் தொல்லை நெடுநாள் நீடிப்பதில்லை. வளரும் மூளை நெகிழ்ச்சி மிக்கது. இரட்டைக் காட்சியிலிருந்து தப்பிக்க, விலகிய கண் அனுப்பும் படத்தை அது அடக்கிவிடுகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று ஓயாமல் பக்கவாட்டில் இழுத்தால், வண்டிக்காரர் அதை அவிழ்த்துவிட்டு ஒற்றை மாட்டோடு வண்டியை ஓட்டுவதைப் போன்றது இது. வண்டி ஓடும். குழந்தைக்கு வலி இல்லை, புகார் இல்லை, ஓடியாடி விளையாடும். அவிழ்த்துவிட்ட கண்ணோ பழக்கம் இல்லாமல் பார்வையை இழந்துகொண்டே போகும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம்.

இதற்கான ஆதாரத்தை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் கண்டார்கள். பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்துச் சில வாரங்கள் மூடிவைத்துவிட்டுப் பிறகு திறந்தார்கள். கண்ணுக்குள் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் மூளையில் பார்வைக்கான பகுதியில் இருந்த நரம்பணுக்கள் அந்தக் கண்ணுக்குச் செவிசாய்க்கவே இல்லை. அவை திறந்திருந்த கண்ணின் வசம் போயிருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட காலம் மூடியபோது அப்படி நேரவில்லை. பின்னர் ஒரு தசையை வெட்டிப் பூனைக்குட்டிக்குச் செயற்கையாக மாறுகண் உண்டாக்கினார்கள். அப்போது தனித்தனிக் கண்ணுக்கு எதிர்வினை தரும் நரம்பணுக்கள் மிஞ்சின. இரண்டு கண்களிடமிருந்தும் செய்தி வாங்கிச் சேர்க்கும் நரம்பணுக்கள் பெருமளவு மறைந்தன. பார்வையைக் கற்க மூளைக்கு ஒரு காலக்கெடு உண்டு என்பது இதனால் உறுதியானது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மாறுகண்ணை அழகுக் குறை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். நம் வீடுகளில் "சின்னதுதானுங்க, வளந்தாச் சரியாயிடும்" என்பார்கள். "மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்" என்று சொல்லித் தேற்றுபவர்களும் உண்டு. அன்போடு சொல்லும் இந்த இரண்டு வார்த்தைகளும் குழந்தையின் பார்வையைப் பறித்துவிடக்கூடும். நான்கு மாதத்துக்குப் பிறகு உண்மையான மாறுகண் தானாகச் சரியாகும் என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

வெயிலில் மூடும் கண்

உலக அளவில் 100 குழந்தைகளில் இரண்டு முதல் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வகை மாறுகண் இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி தெரிவதில்லை.

சில குழந்தைகளுக்குக் கண் வெளிப்பக்கம் போகும், அதுவும் எப்போதாவது மட்டும். தூரத்தில் பார்க்கும்போது, களைத்திருக்கும்போது, காய்ச்சல் அடிக்கும்போது விலகும். மற்ற நேரங்களில் நேராக இருக்கும். ஆசியக் குழந்தைகளிடம் இந்த வகை அதிகம். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பளீரென்ற வெயிலில் இந்தக் குழந்தைகள் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்கள். சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் எல்லோருக்கும் கண் கூசத்தான் செய்யும். இரண்டு கண்களையும் சுருக்கினால் அது கூச்சம். எப்போதும் ஒரே கண்ணை மட்டும் குழந்தை மூடுகிறது என்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வகையில் கண் மூக்கை நோக்கி உள்ளே திரும்பும். பெரும்பாலும் இரண்டு மூன்று வயதில் தொடங்கும். இதன் காரணத்தை நெதர்லாந்து மருத்துவர் ஃபிரான்சிஸ்கஸ் டாண்டர்ஸ் 1864இல் விளக்கினார். அருகில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் குவிய வேண்டும். லென்ஸ் குவியும்போது இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்புவது உடலின் இயல்பான இணைப்பு. தூரப்பார்வைக் குறை அதிகமுள்ள குழந்தை தொலைவில் பார்ப்பதற்கே லென்ஸைக் குவிக்கிறது, அருகில் பார்க்க இன்னும் அதிகமாகக் குவிக்கிறது. அந்த முயற்சியோடு சேர்ந்து கண்ணும் தேவைக்கு மேல் உள்ளே இழுக்கப்படுகிறது. சரியான கண்ணாடியைப் போட்டதும் லென்ஸுக்கு ஓய்வு கிடைக்கிறது. இந்த வகையில் பல குழந்தைகளின் கண்கள் கத்தி படாமலே நேராகிவிடுகின்றன.

மாறுகண் போலத் தோன்றி மாறுகண் அல்லாததும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். இமையின் உள்மடிப்பு வெள்ளைவிழியின் ஒரு பகுதியை மறைப்பதால் கண் உள்ளே போவது போலத் தெரியும். முகம் வளர வளர இது மாறிவிடும். "எங்க பையனுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, தானாப் போயிடுச்சு" என்று ஊரில் சொல்பவர்கள் பெரும்பாலும் பார்த்தது இதைத்தான். எது பொய்த்தோற்றம், எது மெய் என்று பிரித்தறியத்தான் பரிசோதனை.

கண்மணியில் விழும் ஒளிப்புள்ளி

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் இருந்த கண் மருத்துவர் யூலியஸ் ஹிர்ஷ்பெர்க், மாறுகண்ணை அளக்க மெழுகுவத்திச் சுடரைப் பயன்படுத்தினார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அந்தச் சோதனை நடக்கிறது, சுடருக்குப் பதில் டார்ச். குழந்தையின் முகத்துக்கு நேரே ஓரடி தள்ளி வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். குழந்தை அதைப் பார்க்கும்போது இரண்டு கருவிழிகளிலும் ஒரு வெண்புள்ளி மின்னும். இரண்டிலும் ஒரே இடத்தில், கண்மணியின் நடுவிலோ சற்று மூக்குப் பக்கமாகவோ அது விழுந்தால் கண்கள் நேராக இருக்கின்றன. ஒரு கண்ணில் மட்டும் புள்ளி காதுப் பக்கம் தள்ளிப்போனால் அந்தக் கண் உள்ளே திரும்பியிருக்கிறது. மூக்குப் பக்கம் நன்றாகத் தள்ளிப்போனால் வெளியே திரும்பியிருக்கிறது. புள்ளி கண்மணியின் விளிம்பில் விழுந்தால் விலகல் சுமார் 15 பாகை, கருவிழியின் விளிம்பில் விழுந்தால் சுமார் 45 பாகை. பேசத் தெரியாத குழந்தையிடமும் இதைச் செய்யலாம். பொய்த்தோற்றம் என்றால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது மூடிப் பார்ப்பது. குழந்தை ஒரு பொம்மையை உற்றுப் பார்க்கும்போது ஒரு கண்ணை அட்டையால் மறைக்க வேண்டும். சோதிப்பவர் கவனிக்க வேண்டியது மறைக்காத கண்ணை. அது அசையாமல் இருந்தால் முன்பே அது பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று நகர்ந்து பொம்மையைப் பிடித்தால், அதுவரை வேறெங்கோ திரும்பியிருந்தது என்று பொருள். பிறகு மற்றக் கண்ணுக்கும் இதே சோதனை. வலக்கண்ணை மூடும்போது சும்மா இருக்கும் குழந்தை, இடக்கண்ணை மூடினால் மட்டும் அழுது அட்டையைத் தள்ளுகிறதா? நன்றாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டீர்கள் என்று அது சொல்கிறது.

மூன்றாவது, செவ்வொளி பார்ப்பது. இருட்டறையில் ஆப்தால்மோஸ்கோப் என்னும் கைக்கருவியின் ஒளியை இரண்டு கண்களிலும் ஒன்றாகப் பாய்ச்சினால் கண்மணிகள் செக்கச்செவேல் என்று ஒளிரும். இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டும். ஒன்று மங்கினாலோ வெளுத்தாலோ உள்ளே கண்புரை முதல் புற்றுநோய் வரை எதுவும் இருக்கலாம். விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் குழந்தைப் புற்றுநோயில், வெள்ளையாகத் தெரியும் கண்மணிக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் அறிகுறி மாறுகண்தான். செல்போனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று கண் விலகி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தாலும் அப்படியே. அது மூளைக்குள் அழுத்தம் கூடியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

மூன்று வயதுக்கு மேல் படங்களோ ‘E’ வடிவமோ உள்ள அட்டையைக் காட்டி ஒவ்வொரு கண்ணின் பார்வையையும் தனியாகச் சோதிக்கலாம். இது மிக அவசியம். கண்கள் நேராக இருந்தும், ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் அதிகமாக இருப்பதால் சோம்பேறிக் கண் வரும் குழந்தைகள் பலர். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தாயால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. சோதிக்கும்போது விரல்களால் மூடச் சொல்லக் கூடாது, விரலிடுக்கு வழியே நல்ல கண் எட்டிப் பார்த்துவிடும். உள்ளங்கையாலோ ஒட்டாலோ முழுதாக மறைக்க வேண்டும்.

கண்ணாடி, ஒட்டு, அறுவை

கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியவை எளியவையே. முதலில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, குறையை அளந்து, வேண்டியவர்களுக்குக் கண்ணாடி. அடுத்து, நல்ல கண்ணின்மேல் ஒட்டுப் போட்டு, ஒதுங்கிய கண்ணை வேலை செய்ய வைப்பது. பிரெஞ்சு அறிஞர் புஃபோன் 1743இலேயே இதைச் சொல்லியிருக்கிறார். பல தலைமுறைகளாக நாள் முழுக்க ஒட்டுப் போடச் சொல்லிக் குழந்தைகளை வாட்டிவந்தார்கள். அமெரிக்கக் குழந்தைக் கண் மருத்துவர்கள் கூட்டாக நடத்திய ஆய்வு 2003இல் ஒரு நல்ல செய்தியைச் சொன்னது. 7 வயதுக்கு உட்பட்ட, நடுத்தர அளவு பாதிப்புள்ள குழந்தைகளுக்கு நாளுக்கு 2 மணி நேர ஒட்டு 6 மணி நேர ஒட்டுக்கு இணையான பலன் தந்தது. சாயங்காலம் படம் வரையும் நேரம், வீட்டுப்பாட நேரம் போதும். எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அளவு மீறினால் நல்ல கண்ணும் பாதிக்கப்படலாம்.

கண்ணாடியால் நேராகாத மாறுகண்ணுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. 1839இல் பெர்லினில் டிஃபென்பாக் என்ற மருத்துவர் 7 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இதைச் செய்தார். இன்று ஒரு தசையை விழிக்கோளத்தில் சற்றுப் பின்தள்ளித் தைத்து அதன் இழுப்பைக் குறைக்கிறார்கள், அல்லது எதிர்த் தசையைச் சுருக்கி வலுவூட்டுகிறார்கள். "கண்ணையே வெளியே எடுத்து வைப்பாங்களாம்" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. கண்ணை வெளியே எடுப்பதில்லை, விழிக்குள்ளேயும் போவதில்லை. மேலே ஒட்டியிருக்கும் தசையில் மட்டுமே வேலை.

எந்த வயதில் பார்ப்பது?

இங்கேதான் காலக்கெடு வந்து நிற்கிறது. சிகிச்சையின் பலன் 7 வயதுக்குள் மிக அதிகம். 7 முதல் 12 வயது வரை முயன்றவர்களில் பாதிப் பேருக்கு ஓரளவு முன்னேற்றம் கிடைத்ததாக 2005இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே தாமதமாகத் தெரிந்தாலும் முயல வேண்டும். ஆனால் முந்திக்கொண்டவர்களுக்கே முழுப் பலன்.

இந்தியாவின் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் 1976இல் தொடங்கியது. அதன் பள்ளிக் கண் பரிசோதனை நெடுங்காலம் 10 முதல் 14 வயது மாணவர்களைக் குறிவைத்தே நடந்தது. கரும்பலகை தெரியாமல் தவிக்கும் கிட்டப்பார்வைக் குழந்தைகளைக் கண்டுபிடிக்க அது சரியான வயது. 2009இல் தமிழ்நாட்டில் வந்த கண்ணொளி காப்போம் திட்டமும் எத்தனையோ மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி தந்தது. மாறுகண்ணுக்கும் சோம்பேறிக் கண்ணுக்கும் அந்த வயது பிந்திய வயது. அந்தக் குழந்தைகளைத் தேட வேண்டிய இடம் பால்வாடி. ஸ்வீடனில் 1970கள் முதல் 4 வயதுக் குழந்தைகள் அனைவரையும் சோதித்தார்கள். கடுமையான சோம்பேறிக் கண் 100க்கு 2 பேர் என்ற நிலையிலிருந்து 1000க்கு 2 பேர் என்ற நிலைக்கு இறங்கியது.

அதற்கான பாதை நம்மிடமும் போடப்பட்டிருக்கிறது. 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் போக வேண்டும். பார்வைக் குறையும் அவர்கள் தேட வேண்டிய பட்டியலில் உண்டு. குறை தெரிந்தவர்களை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். 1997 வரை ஒரே மாவட்டமாக இருந்த சேலமும் நாமக்கல்லும் இன்று தனித்தனி அரசு மருத்துவக் கல்லூரிகளைக் கொண்டவை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் சேலத்தில் இருக்கிறது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தால் அவர்கள் கண் பரிசோதனையைத் துல்லியமாகச் செய்வார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டிய நிறுவனம் அது.

நாமக்கல்லை ஒட்டிய அன்றைய திருச்சி மாவட்டத்தில் அரவிந்த் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 1990இல் வெளியானது. சுமார் 15,000 சிறு குழந்தைகளை அவர்கள் சேர்த்தார்கள். ஊர்ப் பணியாளர்கள் வாரந்தோறும் வீடு தேடிப்போய்ச் சொட்டு மருந்து தந்தார்கள். அதில் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்றவர்களிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. பால்வாடி வயதுக் குழந்தைகளை ஒருவர் விடாமல் எட்ட முடியும் என்பதற்குக் காவிரிக் கரையிலேயே கிடைத்த சான்று இது. அந்த வயதில் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது அதைவிடச் சிறிய வேலை.

குறை கண்டவர்களை மருத்துவமனை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. தறி ஓட்டும் வீட்டில் ஒரு நாள் கூலி போகும். லாரியில் போன அப்பா திரும்பப் பத்து நாளாகும். அங்கன்வாடி ஊழியர் ஒருமுறை சொல்லி விட்டுவிடாமல் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கண்ணாடி போட்ட சின்னப் பெண்ணைப் பார்த்து ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு விவரம்: மத்தியக் காவல் படைகளின் ஆள்தேர்வு அறிவிப்பில், மாறுகண் இருந்தால் தகுதியில்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஐந்து வயதில் கண்ணாடியைத் தவிர்க்கும் குடும்பம், பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளையின் வேலை வாய்ப்பைத் தவற விடுகிறது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ மாறுகண்ணோ கனத்த கண்ணாடியோ உள்ள குழந்தைகள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்ப்பது, டி.வி.யை ஒட்டிப்போய் உட்கார்வது, பொருளை எடுக்கக் கைநீட்டித் தவறுவது, வெயிலில் ஒரே கண்ணை மூடுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த முகாம் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் மூன்று வயது நிறைந்த குழந்தை இருந்தால், கண்ணில் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள். நான்கு மாதம் தாண்டிய குழந்தைக்குக் கண் விலகினால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்று குழந்தையைக் கட்டாயம் அனுப்புங்கள். ஏழு வயதுக்குள் செய்தால் பார்வை பிழைக்கும்.